முதலில் செடியைப் பாருங்கள்

வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்புகிறவர்கள் பொதுவாக முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம், எந்தக் காட்டுக்குப் போகலாம் என்றுதான். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண் முதலில் பழக வேண்டியது செடிகளோடு. பறக்கும் பூச்சியைத் துரத்துகிறவருக்குக் கால்வலிதான் மிச்சம். அது வந்தே தீர வேண்டிய செடியின் பக்கத்தில் நிற்பவருக்குப் பூச்சியும் கிடைக்கும், படமும் கிடைக்கும், பெரும்பாலும் பெயரும் கிடைத்துவிடும். காரணம் இதுதான்: வளர்ந்த பூச்சி அகப்பட்ட பூவிலெல்லாம் தேன் குடிக்கும். அதன் புழுவோ பெரும்பாலும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தொடாது. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நார்த்தை, வில்வம். கறிவேப்பிலை அழகிக்குப் பெயரிலேயே இருக்கிறது. வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்றை வெள்ளையனுக்குக் கொன்றை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி. இவற்றில் எதைத் தேடியும் மலையேற வேண்டியதில்லை. எருக்கு ரயில் பாதையோரத்திலேயே நிற்கிறது.

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலிருந்தே தொடங்குங்கள். வெயில் ஏறிய காலையில் ஒரு கறுப்புப் பூச்சி பூ எதுவும் இல்லாத அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கொழுந்துகளைக் காலால் தொட்டுத் தொட்டு விலகினால் அது பெண் பூச்சி. காலின் நுனியால்தான் இலையைச் சுவைத்துப் பார்க்கிறது. இலை சரி என்று பட்டால் வயிற்றை வளைத்து ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போகும். வெளிர்மஞ்சள் நிறத்தில், கடுகைவிடச் சிறிய உருண்டை. அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சத்தைப் போலவே இருக்கும். வளர்ந்த பிறகு பச்சைக்கு மாறும். ஈர்க்குச்சியால் லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். இவ்வளவையும் ஒரே செடியில், நகராமல் பார்க்கலாம். காட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் ஒரே இனத்தின் முழு வாழ்க்கை இப்படிக் கண்ணில் படுவது அரிது.

‘இப்போது படத்தைக் கொடுத்தால் செயலியே பெயரைச் சொல்லிவிடுகிறதே, செடி எதற்கு?’ என்று கேட்கலாம். செயலி பயனுள்ளதுதான், பல சமயம் சரியாகவும் சொல்லும். ஆனால் வேஷம் போடும் பூச்சிகளிடம் அதுவும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை ரோஜா அழகியையும், மூன்றாவது வகை சிவப்புடல் அழகியையும் பார்த்து வரைந்ததுபோல இருக்கும். ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டும் புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. பறவைகள் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு அப்புறம் தீண்டுவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தப் பயத்தில் பிழைக்கிறது. இறகை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். உடலைப் பாருங்கள்: அந்த இரண்டு அழகிகளுக்கும் அது சிவப்பு, வேஷக்காரிக்குக் கறுப்பு. அதைவிட உறுதியான சாட்சி, அது முட்டையிடும் செடி. இந்த வேஷங்களில் எதைப் போட்டிருந்தாலும் கறிவேப்பிலையில் முட்டையிடுகிறவள் கறிவேப்பிலை அழகிதான். வெந்தய வரியனுக்கும் இப்படி ஒரு போலி உண்டு. ஆங்கிலத்தில் டானாயிட் எக்ஃப்ளை எனப்படும் இனத்தின் பெண் அது. வெந்தய வரியனின் பின்னிறகு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். போலிக்கு மேலோரத்தில் ஒன்றுதான். வரியன் எருக்கைத் தேடும், போலியோ தரையோடு படர்ந்த பருப்புக்கீரையைத் தேடும்.

படம் எடுப்பதிலும் செடி அருகே காத்திருப்பதற்குத்தான் பலன் அதிகம். பூச்சியின் கூட்டுக்கண் அசைவை உடனே கண்டுகொள்ளும். நீங்கள் அசையாமல் இருந்து அது உங்களிடம் வந்தால் அந்தச் சிக்கலே இல்லை. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். உடல் சூடேறினால்தான் அதனால் பறக்க முடியும் என்பதால், முதல் வெயிலில் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நில்லுங்கள். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்; அழகாக இல்லாவிட்டாலும் அடையாளத்துக்கு உதவும். பிறகு குனிந்து, மெதுவாக நெருங்குங்கள். கேமராவின் முகம் இறகுக்கு நேர் இணையாக இருந்தால் இறகு முழுதும் தெளிவாக விழும். விரித்த இறகின் மேற்புறம் கண்ணைக் கவரும், ஆனால் புல்வெளியில் திரியும் நகக்கண் அளவு நீலப்பூச்சிகளைப் பிரித்தறிய மூடிய இறகின் அடிப்புறப் புள்ளிகள்தான் வேண்டும். இரண்டையும் எடுங்கள். உடலை விட்டுவிடாதீர்கள். கடைசியாக ஒரு படம், அது உட்கார்ந்திருந்த செடிக்கு. கைபேசியே போதும்.

செடிக் கணக்கில் அடங்காத காட்சிகளும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆற்று ஈரமணலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும் பூச்சிகளுக்கு அங்கே எந்தச் செடியும் வேண்டாம். பெரும்பாலும் ஆண்கள், வேண்டியது சோடியம் போன்ற உப்புகள். பூவைவிட அழுகிய பழத்துக்கும் சாணத்துக்குமே அதிகம் வரும் இனங்களும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து மேற்கு நோக்கிப் போகும் நீல வரியன், கருநீல வரியன், கருப்பன் கூட்டங்களும் வழியில் எதையும் தேடாமல் போவதாகவே தோன்றும். ஆனால் அவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டுமானால் வழி மறுபடியும் செடிதான். காய்ந்த தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் உள்ள ஒரு வகை வேதிப்பொருளை ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவரும் மணத்துக்காக உறிஞ்சும். கிட்டப் போனாலும் எளிதில் எழுந்திருக்காது.

‘மேற்குத் தொடர்ச்சி மலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்க, வீட்டுக் கொல்லையில் நின்று என்ன பயன்?’ என்பது நியாயமான கேள்வி. மலைக்கு அவசியம் போங்கள், இரண்டாவதாக. முந்நூறுக்கு நடுவே முதல்முறை போய் நிற்பவருக்கு எல்லாமே ‘ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு’ என்றுதான் மனதில் நிற்கும். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க ஆசையென்றாலும், அதன் புழு தின்னும் நீரடிமுத்து மரம் நிற்கும் ஈரக்காட்டைத்தான் விசாரிக்க வேண்டும். இடையில் ஒரு படி வேண்டுமென்றால் திருச்சி மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. புழுக்களுக்கான செடிகளையும் தேன் செடிகளையும் நட்டே உருவாக்கிய இடம். செடி கற்க இதைவிட வசதி கிடைக்காது. வார விடுமுறையை விசாரித்துக்கொண்டு போங்கள். அதன்பிறகு மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான பொன்னழகியை அங்கே எதிர்பார்க்கலாம். யானை வழித்தடம் என்பதால் சாலையோரத்தைத் தாண்டாதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம்.

பிடித்துப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்று வலை வாங்கச் சொல்பவர் உண்டு. கேட்காதீர்கள். சிவப்புடல் அழகி உட்படப் பல இனங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தொடக்கக்காரருக்கு வேண்டிய அடையாளம் தெளிவான படத்திலேயே கிடைத்துவிடும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றும்போது நாள், இடம், செடியின் படம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் சொல்ல வருபவர்களுக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.