அப்பா ஏன் சைக்கிளை விட்டு இறங்கினார்?

இந்த மாதப் பாடம் இனபேதம் பற்றியது. ஒரு பிள்ளை அதை யாரிடமிருந்து கற்றுக்கொள்கிறது?

என் தாத்தா சொன்ன கதை இது. பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி. ஏழு வயதுத் தாத்தா, தன் அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து போகிறார். எதிரே துரையின் கார். அப்பா சட்டென்று இறங்கி, தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

"ஏம்பா இறங்குன? டயர் பஞ்சரா?"

"துரை வராருடா. பேசாம நில்லு."

"அதுவரைக்கும் எங்கப்பாதான் தோட்டத்துலயே பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தேன்" என்பார் தாத்தா.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது, துரைகளையும் ஆசிய அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. ஆங்கில அரசு அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது.

தென்னாப்பிரிக்காவில் இதையே சட்டமாக்கினார்கள். 1950-இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். 1953-இல் பூங்கா, பேருந்து எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரிக்கச் சட்டம் வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு அறிவிப்புப் பலகை சொல்லிக்கொடுத்தது. இங்கே அப்பா நின்ற விதமே சொல்லிக்கொடுத்தது.

இப்போது என் கதை. போன திருவிழாவில் அன்னதானப் பந்தியில் நான் சோறு போட்டேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் தட்டோடு வரிசையில் நின்றார். "கொஞ்சம் தள்ளி நில்லு, முதல்ல நம்ம ஆளுங்க" என்றேன். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்:

"ஏன் மாமா அவர மட்டும் தள்ளி நிக்கச் சொன்னீங்க?"

அவனுக்கும் ஏழு வயது. என்னிடம் பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவர் சாப்பிடாமலே போய்விட்டிருந்தார்.

நம்மை யாராவது 'கெலிங்' என்றால் கொதிக்கிறோம். 'பங்களா' என்று நாமே கூப்பிடும்போது மட்டும் நாக்கு கூசுவதில்லை. எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று சமய வகுப்பில் ஒப்பிக்கிறோம். அது நிஜமென்றால், அன்றைக்கு நான் தள்ளி நிற்கச் சொன்னது யாரை?

கலந்துரையாடலுக்கு:

1. இனபேதத்தை முதன்முதலில் நீங்கள் உணர்ந்தது எப்போது?
2. நம் வீட்டில், கோயிலில் யாரைத் தள்ளி நிற்க வைக்கிறோம்? சாதியையும் சேர்த்து யோசியுங்கள்.
3. நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை யார்?