இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் வரும் இரண்டாவது காய்ச்சல்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் மஸ்ஜித் இந்தியா சாலையில் தோளோடு தோள் உரச நடந்தவர்களுக்கு, ஒருவரின் இருமல் எத்தனை பேரைத் தொடும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்ஃபுளுவென்சா பரவுவது அப்படித்தான். சாதாரணச் சளி மெல்ல வரும். இதுவோ திடீரென்று கடுங்காய்ச்சலும் உடல்வலியுமாக ஆளைச் சாய்க்கும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். தேறியபின் மீண்டும் படுப்பவர்களைப் பற்றியே இக்கட்டுரை.

1918 அக்டோபரில் இந்நோய் மலாயாவைத் தாக்கியபோது, தோட்டத்து லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டனர். தோட்ட வரலாறு என்றால் மலேரியாவைப் பேசும் நாம் இதை ஏனோ பேசுவதில்லை. அக்கொள்ளைநோயில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 58 பேரின் நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயங்களைக் கண்டதாக 2008இல் அறிவித்தனர்.

வைரஸ் நோயில் பாக்டீரியா எப்படி நுழைந்தது? மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை இடைவிடாது அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளும். இன்ஃபுளுவென்சா வைரஸ் அச்சுவரின் உயிரணுக்களையே அழித்துவிடுகிறது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருந்த நிமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. 1892இல் ஜெர்மானிய அறிஞர் ஃபைஃபர் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே இன்ஃபுளுவென்சாவின் காரணி என்றார். மனிதரிடமிருந்து உண்மையான காரணியாகிய வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். ஆனாலும் அந்த பாக்டீரியாவுக்கு இன்றும் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே’ என்றே பெயர். (மருத்துவ மாணவர்கள் தேர்வில் ஏமாற வேண்டாம்!)

நாள்களை எண்ணி வாருங்கள். காய்ச்சல் தணிந்து, நாளை வகுப்புக்குப் போகலாம் என்றிருக்கும்போது மீண்டும் ஏறினால், கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இரத்தம் கலந்த சளியோ கண்டால், பனடோலை விழுங்கிவிட்டு விடுதி அறையில் படுத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் நிமோனியா திடகாத்திரமான இளைஞரையும் ஓரிரு நாளில் உயிராபத்தில் தள்ளக்கூடியது.

அறைத்தோழர் மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் இதற்கு உதவாது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா தொற்றியபின் எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பயன்படும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். வீட்டில் முதியவர்களோ நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் நிமோகாக்கஸ் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். தாத்தா பாட்டியின் உம்ரா பயணத்துக்கு மஸ்ஜித் இந்தியாவில் இஹ்ராம் துணி வாங்கப் போகிறவர்கள், இவ்விரண்டு ஊசிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.