கேலாங்கைத் தாண்டுவதற்கு முன்

அன்புள்ள மருமகளுக்கு,

சென்னையிலிருந்து காரிலேயே லடாக் வரை போகப்போவதாகவும், வேலையை விடாமல் வழியெல்லாம் லேப்டாப்பும் கையுமாகவே இருக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். கடைசி வரியில், "எந்த நெட் எடுக்கலாம் அத்தை?" என்று கேட்டிருந்தாய். டெலிபோன் டிபார்ட்மென்டிலேயே தலை நரைத்தவள் என்ற முறையில் என்னிடம் கேட்கிறாய். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஓசூரில் பறக்கிற சிம், மத்தியப் பிரதேசத்துக் காட்டுச் சாலையில் தடுமாறும். லடாக் எல்லையில் உள்ள சர்ச்சுவில் செத்தே கிடக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காகிதம் எடு. எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்குகிறாய், அன்றைக்கு என்ன வேலை இருக்கிறது என்று எழுது. மெயில் அனுப்பும் நாள், வீடியோ கூட்டம் உள்ள நாள், வண்டி ஓட்டுவது மட்டுமே வேலையாக உள்ள நாள் என்று மூன்றாகப் பிரி. மெயிலுக்கும் குரல் அழைப்புக்கும் அரைகுறை சிக்னல் போதும். வீடியோ கூட்டத்துக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி போகும். அதைவிட முக்கியம், உன் முகமும் குரலும் மேலே போக நிலையான அப்லோடு வேகம் வேண்டும். எல்லாரும் டவுன்லோடு வேகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கூட்டத்தில் குரல் அறுபடுவது பெரும்பாலும் அப்லோடு இல்லாததால்தான்.

இப்போது, மற்றதெல்லாம் மறந்தாலும் நீ மறக்கக் கூடாத விஷயம். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணங்களுக்காக நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. லடாக் 2019-ல் தனி யூனியன் பிரதேசமான பிறகும் மாறவில்லை. பஞ்சாப் வழியாகப் போனால் லக்கன்பூரில், மணாலி வழியாகப் போனால் சர்ச்சுவுக்கு அப்பால், உன் ப்ரீபெய்டு எண் அடங்கிவிடும். எத்தனை ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் அதே கதைதான். போஸ்ட்பெய்டு எண் மட்டும் பேசும். இதில் நெட் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: உன் வங்கிக் கணக்கு எந்த எண்ணோடு இணைந்திருக்கிறதோ அந்த எண் ப்ரீபெய்டு என்றால் ஓ.டி.பி. வராது. லேயில் ஹோட்டல் வைஃபை ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உன் பணத்தை நீயே தொட முடியாது. ஆகவே வங்கி எண்ணைத்தான் முதலில் போஸ்ட்பெய்டாக மாற்ற வேண்டும். அதே கம்பெனிக்குள் மாறுவது எளிது. கம்பெனியையும் மாற்றுவதென்றால் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்கள் ஆகும். சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்கவே முடியும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடாதே. இப்போதே செய்.

போஸ்ட்பெய்டு உன் வேலைக்கும் பொருத்தம். தினம் 2 ஜிபி என்று வரும் பேக் வீட்டில் இருப்பவர்களுக்குச் சரி. உனக்கு ஒரு நாள் நான்கு ஜிபி தேவைப்படும், மறுநாள் வண்டி ஓட்டுவதில் ஒன்றுமே செலவாகாது. அன்றைய மிச்சம் நள்ளிரவோடு போய்விடும். வரம்பு தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், அதில் ஒரு பக்கம் திறக்கவே காத்துக் கிடக்க வேண்டும். மாதத்துக்கு மொத்தமாகத் தரும் போஸ்ட்பெய்டு பிளானில் இந்தக் கஷ்டம் இல்லை. "அன்லிமிடெட் 5ஜி" என்ற விளம்பரத்தை நம்பிக் கணக்குப் போடாதே. அது 5ஜி இருக்கும் இடத்தில் மட்டும். மலையில் போன் 4ஜிக்கு இறங்கிய நிமிடமே பழைய வரம்பு வந்துவிடும்.

அடுத்து, இரண்டு சிம். இரண்டும் வெவ்வேறு கம்பெனி. ஜியோ ஒன்று, ஏர்டெல் ஒன்று என்று வைத்துக்கொள். இரண்டுமே போஸ்ட்பெய்டாக இருந்தால் நல்லது. மூன்றாவதாக ஒரு பி.எஸ்.என்.எல். எண் இருந்தால் நான் இன்னும் நிம்மதியாகத் தூங்குவேன். நான் வேலை பார்த்த துறை என்பதற்காகச் சொல்லவில்லை. லாபம் வராத மலைக் கிராமங்களுக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் அரசு நிதியில் டவர் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கியூ என்ற கிராமத்துக்கு முதன்முதலாக மொபைல் சிக்னல் வந்ததே 2024 ஏப்ரலில்தான். அரசு நிதியில் கட்டிய 27,000-க்கும் மேற்பட்ட டவர்களை ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தார்கள். அதனால் போனில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கிலேயே விட்டுவை.

வங்கி எண் சாதாரண பிளாஸ்டிக் சிம்மாகவே இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்து கெட்டாலும் அந்தச் சிம்மைக் கழற்றி அடுத்த போனில் செருகிவிடலாம். இ-சிம்மை வேறு போனுக்கு மாற்ற நெட் வேண்டும், சரிபார்ப்பு வேண்டும். இன்னொரு எண் இ-சிம்மாக இருந்தால் பரவாயில்லை, லேயில் உள்ளூர் சிம் வாங்கினால் போட ஒரு இடம் மிஞ்சும். முடிந்தால் பழைய போன் ஒன்றையும் எடுத்துப் போ. ஒரே போனில் இரண்டு சிம் இருந்தாலும் டேட்டா ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓடும்.

உன் போன் எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்றும் பார்த்துக்கொள். அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு கடக்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் கிராமத்துக்கும் காட்டுக்கும் உதவுகிறவை. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை வேகமானது, ஆனால் எட்டாது. 4ஜியில் பாண்ட் 5, 8, 28 மூன்றும் உன் போனில் இருக்கிறதா என்று அதன் விவரப் பக்கத்தில் தேடு. இந்தியாவில் விற்ற போன் என்றால் பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்ததென்றால் கட்டாயம் பார். சாலையில் 5ஜி வந்து வந்து போனால் போனை 4ஜிக்கு மட்டும் மாற்றிவிடு. பேட்டரியும் மிஞ்சும், அழைப்பும் அறுபடாது.

ஒரு சந்தேகம் உனக்கு நிச்சயம் வரும்: நாலு கோடு முழுதாகக் காட்டுகிறதே, ஏன் ஒன்றும் திறக்கவில்லை? அந்தக் கோடு உன் போனுக்கும் டவருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் சொல்கிறது. டவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஊரில் பெரிய மேல்நிலைத் தொட்டி நிற்கும், அதற்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் ஒல்லியாக இருக்கும் அல்லவா, அப்படித்தான். சமவெளியில் டவரைக் கண்ணாடி இழைக் கேபிள் இணைக்கும். மலையில் பல டவர்கள் மைக்ரோவேவ் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒல்லிக் குழாயைச் சீசனில் ஊரும் சுற்றுலாப் பயணிகளும் பங்குபோடுவார்கள். கேபிள் இருக்கும் இடத்திலும் சாலை வேலைக்கு மண் வெட்டும்போதோ நிலச்சரிவிலோ அது அறுந்தால் ஊரே இருண்டுவிடும். மாலை ஏழிலிருந்து பத்து வரை வேகமே இருக்காது. விடியற்காலை ஐந்தரைக்கு அதே டவர் ஓடும். பெரிய ஃபைல்களை அந்த நேரத்தில் அனுப்பப் பழகிக்கொள். இதற்கு ஆகும் செலவு ஒரு அலாரம்தான்.

இதனால்தான் கருவிகளில் பணம் கொட்டாதே என்கிறேன். கார் கூரையில் ஒட்டும் ஆன்டெனாவோடு ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தகர உடம்பு உள்ள வேனில் மாதக்கணக்கில் குடியிருக்கிறவர்களுக்கு அது நல்ல பொருள். நீ இரவில் அறையில் தங்கப்போகிறாய். போனை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டாலே முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும். டவர் பக்கம் இருந்தும் சிக்னல் மெலிந்து வந்தால் ஆன்டெனா உதவும். டவரே இல்லாத பள்ளத்தாக்கில் எந்த ஆன்டெனாவும் ஒன்றையும் வரவழைக்காது. அந்தப் பணத்தில் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று வாங்கு, லேப்டாப்பே அதில் ஏறும். ஹாட்ஸ்பாட் போட்ட போனை வெயில் அடிக்கும் டாஷ்போர்டில் வைக்காதே, சூடேறி நின்றுவிடும்.

கடையில் 'சிக்னல் பூஸ்டர்' காட்டுவார்கள். தொடாதே. அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். சுற்றியுள்ள மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும். சாட்டிலைட் போனும் அப்படித்தான். மலையேறும் வெளிநாட்டார் இடுப்பில் மாட்டியிருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் இதில் சேரும். அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுவந்து விமான நிலையங்களில் மாட்டிக்கொண்ட பயணிகள் உண்டு. எல்லைப் பகுதிக்குப் போகிற நீ அப்படி ஒன்றை இரவல்கூட வாங்காதே.

இனி வழி. என்.எச். 44-ல் பெரும்பகுதிக்குக் கவலை இல்லை. நகரங்களில் தங்குகிறாய், எந்த சிம்மும் ஓடும். தங்குமிடத்துக்குப் போன் செய்யும்போது "வைஃபை இருக்கா?" என்று கேட்காதே, எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். யார் கொடுத்த லைன், கரண்ட் போனால் ரவுட்டர் ஓடுமா, நான் தங்கும் அறை வரை எட்டுமா என்று கேள். ஒரு ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொல். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பார்.

மணாலி தாண்டி 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌலுக்குள் நுழைவாய். தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கி.மீ. என்று அங்கே இருந்த பலகை லே போகும் ஓட்டுநர்களிடையே பெயர்பெற்றது. அங்கிருந்து சற்று தூரத்தில் கேலாங். பெட்ரோலைத் தாண்டியில் நிரப்புவதுபோல நெட் வேலையைக் கேலாங்கில் முடித்துவிடு. அங்கே ஓர் இரவு தங்கு. மேப்பை ஆஃப்லைனில் இறக்கு. கூகுள் மேப்ஸ் தவிர ஆர்கானிக் மேப்ஸும் வைத்துக்கொள், நெட் இல்லாமலே வழி காட்டும். அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பு. லேப்டாப் அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் நிறுத்திவை, இல்லையென்றால் லேயில் சிக்னல் கிடைத்ததும் உன் டேட்டாவை அவைதான் முதலில் தின்னும்.

தார்ச்சாவைத் தாண்டினால் பாரலாச்சா லா, சர்ச்சு, பாங், தங்லாங் லா என்று உப்ஷி வரும்வரை பெரும்பகுதியில் சிக்னலை எதிர்பார்க்காதே. நடுவில் எங்காவது கிடைத்தால் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போடு, அவ்வளவே. 4,000 மீட்டருக்கு மேலே தலைவலியோடு ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாகக் கோடு தேடுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஸ்பிதி வழியாகத் திரும்பினால் லோசரிலிருந்து குன்சும் கணவாய், பாதல், கிராம்பு வரை இதே நிலைதான். பாங்காங் ஏரிக்கரையில் ஸ்பாங்மிக் கிராமத்துக்கு 2022-லேயே 4ஜி வந்துவிட்டது. இருந்தும் அங்கே கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதே.

டவர் இருந்தும் நெட் இல்லாமல் போவதும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய 4ஜி 2021 பிப்ரவரியில்தான் முழுதாகத் திரும்பியது. 2025 செப்டம்பரில் லேயிலும் போராட்டத்தை ஒட்டி மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். அப்போது எத்தனை சிம் இருந்தும் பயனில்லை. கேபிள் லைன் உள்ள தங்குமிடம் கைகொடுக்கக்கூடும். கையில் ரொக்கம் வைத்திரு.

உன் மேலாளரிடம் இந்த நாட்களில் நான் கிடைக்க மாட்டேன் என்று தேதி போட்டு முன்னாலேயே எழுதிவிடு. "முடிந்தவரை வருகிறேன்" என்று சொல்லாதே. அந்த வார்த்தைதான் உன்னைக் கணவாயின் நடுவில் வண்டியை நிறுத்தவைக்கும். அந்த நாட்களை விடுமுறையாகவே எடுத்துக்கொள். இவ்வளவு தூரம் போவது அந்த மலையைப் பார்க்கத்தானே.

உன் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போகும். திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால் அதற்கு அதுதான் பொருள். அதுவும் இல்லாத இடத்தில் ராணுவ முகாமையோ சாலைப் பணியாளர்களையோ தேடிப் போ.

அந்தத் தேதிக் காகிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு படம் அனுப்பு, அண்ணனுக்கும் ஒன்று. கேலாங்கிலிருந்து கிளம்பும்போது ஒரு அழைப்பு, லே போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு. நடுவில் மறுநாள் இரவு எட்டு மணி வரை யாரும் பதற மாட்டோம் என்று அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். எட்டுக்கு மேல் ஆனால் எந்த ஹோட்டலுக்குப் போன் செய்வது என்று அந்தக் காகிதத்திலேயே எழுதிவை. போஸ்ட்பெய்டுக்கு மாற்றியாகிவிட்டதா என்று வெள்ளிக்கிழமை கேட்பேன்.

அன்புடன்,
உன் அத்தை