பழைய மொபெட் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்கும் முறை

பால் கேன், தீவனக் கட்டு, உர மூட்டை ஆகியவற்றைச் சுமந்து சிறு விவசாயிகளுக்குப் பெரிதும் உதவிய வாகனம் மொபெட். 1980ஆம் ஆண்டு ஓசூரில் உற்பத்தி தொடங்கப்பட்ட டி.வி.எஸ். 50 மொபெட்டை இன்றும் சில கிராமங்களில் காணலாம். இதன் இரு வீச்சு எஞ்சினில் வால்வுகள் கிடையா. அசையும் பாகங்களும் குறைவு. எனவே சிலிண்டர், பிஸ்டன் அடங்கிய மேல் பகுதியை விவசாயிகள் தாங்களே பிரித்துச் சீரமைக்கலாம். ஆனால் பழைய பிஸ்டன் கெட்டதற்கான காரணத்தை நீக்காமல் புதிய பிஸ்டனைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெட்டுவிடும். செய்த செலவும் வீணாகும்.

பிரிக்கும் முன் சோதனை

எஞ்சின் இழுவை குறைந்தவுடன் பிரிக்கத் தொடங்குதல் கூடாது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தடையின்றி வருகிறதா, பிளக்கில் நல்ல தீப்பொறி எழுகிறதா, சைலன்சர் கரியால் அடைபட்டுள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சைலன்சரைச் சுத்தம் செய்தாலே இழுவை திரும்பிவிடும். பின்னர் பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, அத்துளையை விரலால் அடைத்துப் பெடலைச் சுற்ற வேண்டும். காற்று விரலை வலுவாகத் தள்ளாவிடில் சிலிண்டரைத் திறக்கலாம்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாயின் பதிவுச் சான்று புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதையும் செலவு செய்யுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

பிரித்தல்

எஞ்சின் நன்கு ஆறிய பின், வெளிப்புற மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அருகில் அடுப்பு, பீடி நெருப்பு கூடாது. சிலிண்டர் தலையின் நட்டுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் தளர்த்த வேண்டும். சிலிண்டரைத் திருகாமல் நேராக மேலே உருவ வேண்டும். திருகினால் ரிங் துளையில் சிக்கி உடையும். சிலிண்டர் சற்று மேலெழுந்தவுடன் கீழ் வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். பிஸ்டன் பின்னின் கம்பி லாக் உள்ளே விழுந்துவிட்டால் எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரிடும்.

பிஸ்டன் காட்டும் அடையாளங்கள்

1. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் நெடுங்கீறல்கள்: எண்ணெய் குறைவு அல்லது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை. கார்புரேட்டர் ஜெட் அடைப்பு, கேஸ்கட் அல்லது ஆயில் சீல் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. கலவை நுழையும் பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருத்தல்: மண் பாதைத் தூசி உட்சென்றுள்ளது. காற்று வடிகட்டி கிழிந்திருக்கும் அல்லது சரியாகப் பொருந்தாதிருக்கும்.

3. சுற்றிலும் பல இடங்களில் கீறல்: பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை அல்லது புதிதாகப் பொருத்தியவுடன் வண்டி வேகமாக ஓட்டப்பட்டுள்ளது.

அளவெடுத்தல்

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜினால் அளக்க வேண்டும். புதிய ரிங்கில் 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இருக்கலாம். 0.8 மி.மீ. தாண்டினால் ரிங்கை மாற்ற வேண்டும். புதிய ரிங்கிலும் இடைவெளி மிகுந்திருந்தால் சிலிண்டர் தேய்ந்துள்ளது. அதைக் கடைசல் பட்டறையில் போரிங் செய்து, பெரிய அளவுப் பிஸ்டன் பொருத்த வேண்டும்.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேல்கீழாக ஆட்டம் தெரிந்தால் கிராங்க், பேரிங், ஆயில் சீல் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. மேக்னெட் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது. அதற்குரிய புல்லர் தேவை.

சுத்தம் செய்து பொருத்துதல்

கரியை மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். திருப்புளி அலுமினியத்தைக் கீறிவிடும். எரிசோடா அலுமினியத்தை அரிக்குமாதலால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கம் நோக்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்திலுள்ள சிறு முளையில் சரியாக அமர வேண்டும். கம்பி லாக்குகளும் கேஸ்கட்டுகளும் புதியனவாக இருக்கட்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் 2டி எண்ணெய் தடவிப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பொருத்திய பின்

முதல் 500 கி.மீ. வரை லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. 2டி எண்ணெய் கலக்கலாம். அதன்பின் வண்டிக் கையேட்டில் கண்ட அளவே போதும். அதுவரை பாரம் ஏற்றுதலும் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டுதலும் கூடாது. இன்று விற்கப்படும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே குழாய்களைப் புதிதாக மாற்றுவதுடன், வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும். காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்துவந்தால், புதிய பிஸ்டன் பல ஆண்டுகள் உழைக்கும்.