பாதித் தொட்டி, முழு ஆபத்து

ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவனே நான்தான். வகுப்பில் போட்ட ஒரு கணக்கு என் வீட்டு வாசலுக்கே வந்த கதையைச் சொல்கிறேன்.

நான் எளாவூர்ப் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர். ஆனால் குடிக்க ஒரு சொம்பு கிடையாது. ஏரி உவர். கோடையில் கைப்பம்புத் தண்ணீரும் கரிக்கும். அதனால் என் சித்தப்பா தன் டாடா ஏஸில் (நாம் சொல்லும் ‘குட்டி யானை’) ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைத்து, மேற்கே ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்து குடம் கணக்கில் ஊற்றுவார்.

போன சித்திரையில் ஒரு நாள், வண்டி பாரம் தாங்காதென்று பாதிதான் நிரப்பினார். “பாதிதானேடா, என்ன பயம்?” என்றார். கட்டியது படகு நைலான் கயிறு. வளைவில் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக் அடித்துத் திருப்பினார். தொட்டி சாய்ந்தது, கயிறு நழுவியது. பின்னால் உட்கார்ந்திருந்த என் அண்ணன் காலில் தொட்டி விழுந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. இரண்டு மாதமும் அவன் தொழிலுக்குப் போகவில்லை. என் தேர்வுக் கட்டணத்தை அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினாங்க.

இனி கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் ஒரு டன். குட்டி யானை ஏற்றக்கூடியது ஏறத்தாழ 750 கிலோ. ஆக, அந்தத் தொட்டியை முழுதாக நிரப்புவதே தப்பு. சரி, பாதி நிரப்பினால்? இங்கேதான் சித்தப்பா ஏமாந்தார். அவர் இடத்தில் நானும் ஏமாந்திருப்பேன். முழுத் தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை; கல் மாதிரி கிடக்கும். பாதித் தொட்டியில் அது ஓடும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் தண்ணீர் வலப்பக்கம் ஏறும்; எடை மையமும் கூடவே போகும். பிரேக் அடித்தாலும் அப்படித்தான். வேகம் குறைவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு என்றால், தண்ணீர் மட்டம் 27 டிகிரி சாயப் பார்க்கும். 500 கிலோ தண்ணீர் சுமார் 2450 நியூட்டன் விசையோடு முன்னால் தள்ளும்.

கப்பல் கட்டுகிறவர்களுக்கு இது பழைய பாடம். செவ்வகத் தொட்டியில் இந்த ஆட்டம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீளம் பெருக்கல் அகலத்தின் மும்மடி, வகுத்தல் 12. அட, உத்திரத்துக்கு நாம் போடும் அதே சூத்திரம்! நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் ஒவ்வொரு பாதிக்கும் எட்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்து நாலில் ஒன்றுதான். ஒரு தகடு முக்கால் பங்கு ஆட்டத்தைத் தின்றுவிடுகிறது.

இங்கிலாந்தில் சன்னல் கண்ணாடி துடைக்கிறவர்கள் வேனுக்குள் தொட்டி வைத்து, உப்பு நீக்கிய தண்ணீரை நீளக் கோலின் நுனியிலுள்ள தூரிகைக்கு ஏற்றிக் கழுவுகிறார்கள். (எங்கள் ஊர்த் தண்ணீரில் துடைத்தால் கண்ணாடி காய்ந்ததும் கோலம் போட்ட மாதிரி இருக்கும்!) அந்த நாட்டு வழிகாட்டி விதிப்படி, சரக்கைப் பிடிக்கும் கட்டு முன்பக்கம் சரக்கின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதி எடையையும் தாங்க வேண்டும். எங்கள் நைலான் கயிறு எந்த மூலைக்கு? நைலான் இழுபடும். நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது, தொட்டிக்கு ஆகாது. முடிச்சுப் போட்ட இடத்தில் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அவர்களுக்குப் பனியும் ஒரு பயம்: உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். நமக்கு வெயில்தான் எதிரி. கறுப்புத் தொட்டி வெளிச்சத்தை உள்ளே விடாது, பாசி பிடிக்காது. அதற்காக, ரசாயனம் வந்த பழைய நீல டிரம்மைக் கழுவிக் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள், தயவு செய்து.

படகில் டிரம் ஏற்றும்போது ஆட்டம் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது தண்ணீர் டிரம்மால் நடந்ததல்ல. ஆனாலும் எங்கள் பக்கம் படகு ஆடினால் யாரும் சிரிப்பதில்லை.

இப்போது சித்தப்பா வண்டியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இல்லை. மூன்று 200 லிட்டர் தொட்டிகள், விளிம்புவரை நிரப்பி. ஒன்றை முழுக்கக் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறப்பார். எந்த நேரத்திலும் ஆடுகிற தொட்டி ஒன்றே ஒன்று. சுற்றிலும் கோண இரும்புச் சட்டம், வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்டது. மேலே ராட்செட் பெல்ட். குழாய் வாய் சட்டத்துக்கு உள்பக்கம். பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்று அண்ணனே காவல் நிற்கிறான்.

சட்டத்தின் வரைபடம் நான் போட்டது. முதல் தடவை போல்ட் ஓட்டை இடம் தப்பி, வெல்டிங் கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன். திருத்திய படம் வேண்டுவோர் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில், கடைசி பெஞ்சில் கேட்கவும்.