உணரியும் சிக்கனமும்

பெங்களூருவின் ஜெ.சி. சாலை வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. டயரின் காற்றழுத்த உணரியை வாங்க அங்குச் செல்வோர் முதலில் ஒன்றை அறிதல் நன்று. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் உணரி பழுதென்று எண்ணலாகாது. பல மகிழுந்துகளில் விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்றுக் குறைவு. சிமிட்டிப் பின் நிலைத்தால் உணரிப் பழுது. எதுவாயினும், அழுத்தமானியால் காற்றை அளந்து பார்த்தலே முதற்பணி. காற்றுக் குறைந்த டயர் விரைந்து ஓடுகையில் சூடேறி வெடிக்கக்கூடும்.

உணரியின் மின்கலம் ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். அது பெரும்பாலும் மூடி அடைக்கப்பட்டிருப்பதால், தீர்ந்தபின் உணரியையே மாற்ற நேரும். அதற்கு டயரைக் கழற்ற வேண்டும். ஆகவே, புது டயர் இடும்போதே பழைய உணரியையும் மாற்றினால் கூலி மிச்சமாகும்.

சொற்பொருள்: உணரி – சென்சார், சிக்கனம் – அளவறிந்து செலவிடல்.

வினா: உணரியை எப்போது மாற்றுதல் சிக்கனம்? ஏன்?