கடல் கடக்கும் சரக்குப் பெட்டகங்களும் அவற்றைச் சுமக்கும் கப்பல்களும்

மெரினாக் கடற்கரையின் தென்கோடியில், மயிலாப்பூரை ஒட்டி நிற்கும் கலங்கரை விளக்கம் 1977-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகிறது. அதன் மேல்மாடத்திலிருந்து கிழக்கே நோக்கினால், துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைக் காணலாம். சாந்தோம் கரையிலிருந்தும், அடையாற்றுக்கு அப்பால் பெசன்ட் நகர்க் கடற்கரையிலிருந்தும் இக்காட்சி தெரியும். அவற்றுள் சில கப்பல்களின் மேல்தளத்தில் செங்கல் அடுக்கியதுபோலப் பல நிறப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். நம் அங்கத்தினர் நெய்த துணியும் விளைவித்த பொருளும் அயல்நாடு செல்வது இன்று பெரும்பாலும் இத்தகைய பெட்டிகளில்தான். நமது சரக்கு எவ்வாறு பிரயாணம் செய்கிறது என்பதை அறிந்துகொள்வது சங்கத்தின் வரவு செலவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஆகவே இவ்விதழில் அதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

துணி ஏற்றுமதி இக்கரைக்குப் புதிதன்று. தாலமி என்னும் கிரேக்க ஆசிரியர் இரண்டாம் நூற்றாண்டில் குறித்துள்ள 'மைலார்ப்போன்' என்ற ஊர் மயிலாப்பூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய போர்த்துகீசியர் சோழமண்டலக் கரைத் துணிகளை மலாக்காவுக்கு அனுப்பினர். 1639-ல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றதற்கும் இப்பகுதித் துணி மலிவாகக் கிடைத்ததே முதற்காரணம். 1734-ல் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள்.

இவ்வளவு துணி ஏறிய ஊருக்குத் துறைமுகம் என்பதே இல்லை! கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சிப்பங்களை ஏற்றி, அலைகளைக் கடந்து கொண்டு சேர்க்க வேண்டும். பலமுறை சரக்கு நனைந்தது. சிலமுறை படகோடு மூழ்கியது. 1861-ல் இரும்புத் தூண்களின்மீது ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1870-களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881-ல் வீசிய புயல் இடித்துத் தள்ளிற்று. பிறகு திருத்திக் கட்டப்பட்டதே இன்றைய துறைமுகம்.

துறைமுகம் அமைந்த பின்னரும் சரக்கு ஏற்றும் முறை நெடுங்காலம் மாறவில்லை. சிப்பம் சிப்பமாக, மூட்டை மூட்டையாகத் தோளிலும் வலையிலும் ஏற்றினர். கொக்கியால் குத்தி இழுத்ததால் துணியில் ஓட்டை விழுவது வழக்கமாயிற்று. அதற்காகவே 'கொக்கி போடாதீர்' என்று சிப்பத்தின்மேல் எழுதுவார்கள். எழுதியதைப் படிப்பார் எத்தனை பேர்? கப்பல் கடலில் ஓடிய நாட்களைவிடக் கரையில் சும்மா நின்ற நாட்களே சில பயணங்களில் அதிகமாயின.

இதனை மாற்றியவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி. லாரியின் உடற்பெட்டியை அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்பதே அவர் எண்ணம். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை ஒரு டன் சரக்கை ஏற்ற 5 டாலர் 86 சென்ட் செலவாயிற்றென்றும், இம்முறையில் 16 சென்ட்டுக்கும் குறைவாயிற்றென்றும் கணக்கிட்டனர். இந்தியாவுக்கு முதலில் பெட்டகங்களைக் கொணர்ந்தது 'பிரெசிடென்ட் டைலர்' என்ற கப்பல். அது 1973 நவம்பரில் கொச்சியை அடைந்தது. பெட்டகங்களுக்கென்றே தனித்துறை நாட்டில் முதன்முதலாக ஏற்பட்டது 1983-ல், நமது சென்னைத் துறைமுகத்தில்தான். பின்னர் வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெட்டகத் துறைகள் எழுந்தன.

இனிப் பெட்டகத்தைப் பார்ப்போம். மக்கள் வழக்கில் இதனைக் 'கன்டெய்னர்' என்கிறோம். பொதுவான அளவு இரண்டு: இருபதடி நீளம், நாற்பதடி நீளம். அகலம் எட்டடி, உயரம் எட்டரை அடி. ஒன்பதரை அடி உயரமுள்ள உயர்வகையும் உண்டு. உலகெங்கும் இதே அளவு. ஆகவே நம் ஊர் லாரியும் ரயில் வண்டியும் ஹாம்பர்க் நகரின் பளுதூக்கியும் ஒரே பெட்டகத்தைக் கையாள முடிகிறது. எட்டு மூலைகளிலும் துளையுள்ள எஃகு வார்ப்புகள் இருக்கும். பளுதூக்கியின் பிடியும், பெட்டகத்தோடு பெட்டகத்தைப் பிணைக்கும் திருகுப் பூட்டும் இத்துளைகளில்தான் நுழைகின்றன. அடுக்கின் பாரம் முழுவதும் மூலைத் தூண்கள் வழியே இறங்குமேயன்றிக் கூரையில் ஏறாது. எனவே மேலே எட்டுப் பெட்டகங்கள் இருப்பினும் அடியிலுள்ள துணி நசுங்குவதில்லை.

இருபதடிப் பெட்டகத்தினுள் சுமார் 33 கன மீட்டர் இடமுண்டு, நாற்பதடியில் 67, உயர்வகை நாற்பதடியில் 76. ஆனால் பெட்டகத்தோடு சேர்த்த மொத்த எடைக்கு உச்சவரம்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பொதுவாக 30 டன்னை ஒட்டியது. இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. அரிசி, கருங்கல் போன்ற கனத்த சரக்கு இடம் நிரம்புமுன்பே எடை வரம்பை எட்டிவிடும். அதற்கு இருபதடி போதும். கைத்தறித் துணியோ எடை ஏறுமுன்பே இடத்தை நிரப்பிவிடும். அதற்கு நாற்பதடி, அதிலும் உயர்வகை, சிக்கனமாகும்.

விளைவிப்போர்க்கு வேறு வகைகள் தேவைப்படும். குளிர்ப்பெட்டகம் தன்னுள் இயந்திரம் கொண்டது. கப்பலிலும் துறையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும். வாழைக்காயை ஏறக்குறைய 13 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். அதற்கும் கீழே போனால் தோல் கறுத்துவிடும். வெங்காயம் மூச்சு விடும் பொருள். காற்றோட்டமில்லாத பெட்டியில் அடைத்தால் அழுகும். எண்ணெய்க்கு உருளைத் தொட்டி அமைந்த பெட்டகமும், பெரிய இயந்திரங்களுக்குக் கூரையற்றதும் பக்கச் சுவரற்றதுமான வகைகளும் உள்ளன. இவை நமக்கு அதிகம் வேண்டாதவை.

கப்பல்களின் அளவை 'இருபதடிக் கணக்கு' என்னும் அலகால் அளப்பர். நாற்பதடிப் பெட்டகம் ஒன்று இக்கணக்கில் இரண்டு. சில நூறு முதல் இரண்டு மூவாயிரம் வரை கொள்வன ஊட்டுக் கப்பல்கள்; சிறு துறைகளிலிருந்து பெருந்துறைகளுக்குச் சரக்கை ஊட்டுவதால் இப்பெயர். இவற்றுள் சில தம்மிடமே பளுதூக்கி வைத்திருக்கும். பெரிய கப்பல்களில் அது இராது, கரையிலுள்ளதையே நம்பும். பழைய பனாமா வாய்க்காலின் மதகில் நுழையத்தக்க அகலம் 32 மீட்டர் சொச்சம்; அதற்கேற்பக் கட்டிய கப்பல் சுமார் ஐயாயிரம் கொள்ளும். 2016-ல் புது மதகுகள் திறந்தபின் 49 மீட்டர் அகலமுள்ள கப்பல்களும் நுழைந்தன; அவை பதின்மூன்று, பதினாலாயிரம் கொள்ளும். இவற்றையும் மிஞ்சியவை நானூறு மீட்டர் நீளமும் இருபத்து நாலாயிரம் கொள்ளளவும் உடையன. அத்தகைய 'எம்.எஸ்.சி. ஐரினா' 2025 ஜூனில் நமக்கு அண்மையிலுள்ள விழிஞ்ஞத்துக்கே வந்து சென்றது.

இவ்வளவு பெரிய கப்பல் எல்லாத் துறைக்கும் வராது. ஆழமும் வேண்டும், ஆயிரக்கணக்கில் சரக்கும் வேண்டும். ஆகவே சென்னையில் ஏறும் பெட்டகங்கள் பல, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கிள்ளான் துறையிலோ இறங்கித் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. மாறும் இடத்தில் நாள் கணக்கில் தங்குவதும் உண்டு. வாங்குவோருக்குத் தேதி சொல்லும்போது இதை மறக்கலாகாது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. பத்து நாளுக்கு மேல் கூடுதலாயிற்று. தீபாவளிக்குத் தியாகராய நகரில் சேலை வந்து சேராவிட்டால் வியாபாரிக்கு என்ன கதியோ, கிறிஸ்துமஸ் கழிந்து மேசைவிரிப்பு போய்ச் சேர்ந்தாலும் அதே கதிதான்.

விபத்துகளையும் சொல்லவேண்டும். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' தீப்பற்றியது. அதில் 1,486 பெட்டகங்கள் இருந்தன. ஜூனில் கப்பல் மூழ்கிற்று. 2025 மே 25-ல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா 3' 640 பெட்டகங்களுடன் கவிழ்ந்தது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. ஆனால் நம் போன்ற சங்கத்தார் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது சரக்கு கெடாத ஒரு நிகழ்ச்சியை. 2021 மார்ச் 23-ல் 'எவர் கிவன்' சூயஸ் வாய்க்காலின் குறுக்கே சிக்கி, 29-ல் மீட்கப்பட்டது. அதன்பின் இழப்பீட்டு வழக்கினால் ஜூலை வரை அங்கேயே நிறுத்தப்பட்டது. கப்பல் சொந்தக்காரர் 'பொது நட்டப் பங்கீடு' அறிவித்தார்.

அது என்ன? புயலில் கப்பலைக் காக்கச் சிலரது சரக்கைக் கடலில் எறிந்தால், அந்நட்டத்தைத் தப்பிய சரக்கின் சொந்தக்காரர் யாவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது மிகப் பழைய கடல் வழக்கு. கப்பலை மீட்கும் அசாதாரணச் செலவுக்கும் அது பொருந்தும். கூட்டுறவுக் கொள்கை கடலில் நமக்கு முந்தித் தோன்றிவிட்டது போலும்! ஆனால் இங்கே சேர்வதற்கு விண்ணப்பம் இல்லை. சரக்கை ஏற்றிய மாத்திரத்தில் உறுப்பினராகிறோம். பங்குத் தொகைக்கு ஈடு கட்டும்வரை பெட்டகத்தை விடுவிக்கமாட்டார்கள். கடல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் ஈட்டைக் கம்பெனியார் கொடுப்பர். எடுக்காதவர் ரொக்கம் கட்டவேண்டும். ஒரு சிறு நெசவாளர் சங்கத்துக்கு அந்த ரொக்கம் பல மாதக் கூலியாக இருக்கக்கூடும். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைச் சிக்கனம் என்று தவிர்ப்பது எங்கள் கருத்தில் சிக்கனமே அன்று.

விற்பனை ஒப்பந்தத்தின் சொற்களும் இதில் சேரும். 'எஃப்.ஓ.பி.' என்று எழுதினால் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு நம்முடையது. ஆனால் பெட்டகத்தை நாம் ஒப்படைப்பது கப்பலில் அன்று, துறைமுகக் களத்தில்; ஏறும்வரை அது நம் கண்ணில் படாது. அதனால் பெட்டகச் சரக்குக்கு, ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு நீங்கும் 'எஃப்.சி.ஏ.' முறையே பொருத்தமானது.

இனி ஒரு சிறு கணக்கு. மூன்றடிக்கு இரண்டடி, இரண்டடி உயரமுள்ள சிப்பம் பத்து என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 கன அடி, அதாவது சுமார் 3.4 கன மீட்டர். இதற்காக ஒரு முழுப் பெட்டகம் எடுப்பது வீண். பலரது சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டகத்தில் ஏற்றும் தொகுப்பு முறையில் அனுப்பலாம். கன மீட்டர் ஒன்றை ஒரு டன்னுக்கு ஈடாக வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் கேட்பார்கள். துணியை இறுக்கமாகக் கட்டினால் கட்டணம் குறையும் என்பது இதனால் விளங்கும். இம்முறையில் ஒரு சங்கடம், பக்கத்துச் சரக்கு எது என்பது நம் கையில் இல்லை. பதனிட்ட தோலின் நாற்றம் துணியில் ஏறினால் துவைத்தும் போகாது. சரக்கு பாதிப் பெட்டகத்தை எட்டும்போதே, முழுப் பெட்டகம் மலிவாக முடிவதுண்டு. நான்கைந்து சங்கங்கள் ஒரே தேதிக்குத் தங்கள் சிப்பங்களைச் சேர்த்தால் அந்த அளவை எட்டுவது கடினமன்று.

பெட்டகம் வந்ததும் உள்ளே ஒருவர் நின்று கதவுகளைச் சாத்தச் சொல்ல வேண்டும். எங்கேனும் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே மழைநீரும் வரும். வேறு பெட்டகம் கேட்க வேண்டும். ஓட்டையே இல்லாவிடினும் ஈரம் உள்ளிருந்தே தோன்றும். சென்னை வெயிலில் அடைத்த காற்று குளிர்ந்த கடலை அடையும்போது, அதிலுள்ள நீராவி கூரையில் துளியாகி மழைபோல் சொட்டும். ஆகையால் நன்கு உலர்ந்த துணியையே கட்டவேண்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கங்களில் தொங்கவிட வேண்டும். அடியில் இடும் மரச்சட்டங்கள் பச்சை மரமாக இருத்தலாகாது. பல நாடுகள் இந்த மரம் 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் சூடேற்றப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. முத்திரையில்லாத சட்டத்தால் முழுச் சரக்குமே திருப்பப்படலாம். 2016 ஜூலை முதல் பெட்டகத்தின் மெய்யான எடையை எழுதிக் கொடுத்தாலன்றிக் கப்பலில் ஏற்றுவதில்லை. உத்தேச எடையை எழுதினால் கனத்த பெட்டகம் அடுக்கின் மேலேறி, கப்பலுக்கே ஆபத்தாகும்.

கதவின்மேல் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. எழுதுகையில் பிழை நேர்ந்தால் அதுவே காட்டிக் கொடுக்கும். அந்த எண்ணையும் முத்திரைப் பூட்டின் எண்ணையும் சங்கத்தின் அனுப்புப் பதிவேட்டில் எழுதிக்கொண்டால், பெட்டகம் கொழும்பில் இறங்கிற்றா, தாய்க்கப்பலில் ஏறிற்றா என்பதைக் கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் எந்நாளும் கேட்டறியலாம்.